வேரை விட்டு இலையைப் பறிக்கிறோம்

நம் இளைஞர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறோம் என்ற பெயரில் நாடெங்கும் நடைபெற்றுவரும் ஒரு வீண்வேலையைக் குறித்து, மனத்தாங்கலுடன் சில சொற்கள் எழுத வேண்டியிருக்கிறது. சிலருக்கு இது கசக்கலாம். குறிப்பாக, 'முப்பதே நாளில் ஆங்கிலம் பேசலாம்' என்று பலகை மாட்டிக் காசு பார்ப்போருக்குக் கசக்கத்தான் செய்யும். கசக்கட்டும்.

என் தங்கை மகன் ஒருவன், ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பிரிவில் தேறியவன். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்று நல்ல மதிப்பெண்ணும் பெற்றவன். சில ஆண்டுகளுக்கு முன் திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியிலுள்ள ஓர் ஆலையில் ஓராண்டுப் பயிற்சியாளனாகச் சேர்ந்தான். சேர்ந்த அன்றே நான்கு பக்கத் தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். ஓராண்டு முடிந்ததும் தானாகவே 'டெர்மினேஷன்' என்று அதில் ஒரு வரி இருந்தது. பையன் படிக்காமல் கையெழுத்திட்டான் என்று எண்ண வேண்டாம், படித்தான். படித்து மகிழ்ந்தும் இருக்கிறான். ஏனெனில் அவன் பயின்ற தொழிலில் 'கேபிள் டெர்மினேஷன்' என்பது கைத்தேர்ச்சி வேண்டும் ஒரு வேலை. கம்பியின் முனையைச் சீவி, லக் வைத்து நெரித்து, டெர்மினலில் இறுக்கிப் பொருத்துவதற்கு அப்பெயர். ஓராண்டு கழிந்ததும் தன்னை அந்தப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டான்! வீட்டிலும் அப்படியே சொன்னான். அவன் அத்தா தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். பன்னிரண்டாம் மாதத்தின் கடைசி நாளில் ஆலை வாயிலில் அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டபோதுதான், அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டென்று அவனுக்குத் தெரிந்தது.

"மாமா, தெரியாத சொல்லாக இருந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன். தெரிந்த சொல்லாயிற்றே!" என்றான். இந்தப் பேச்சு என்னைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை. நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். என் வீட்டுப் பிள்ளையே இப்படி நின்றான்.

அவன் அறியாதது ஒரு சொல் அன்று, ஒரு வேர். இலத்தீன் மொழியில் 'டெர்மினுஸ்' என்றால் எல்லைக்கல். உரோமானியர் எல்லைக்கல்லையே ஒரு தெய்வமாக்கி வழிபட்டவர்கள். கம்பியின் எல்லை டெர்மினல். பேருந்து ஓட்டத்தின் எல்லை டெர்மினஸ். பள்ளியில் பருவத்தின் எல்லை டெர்ம். வேலையின் எல்லை டெர்மினேஷன். இந்த ஒற்றை வேரை எவரேனும் அவனுக்கு ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால், 'இங்கே எதற்கு எல்லை கட்டுகிறார்கள்?' என்றாவது கேட்டிருப்பான். கேட்டிருந்தாலும் வேலை நிரந்தரமாகியிருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆயினும், ஓராண்டுக் காலம் பொய்யான நம்பிக்கையில் கழிந்திருக்காது; இடையிலே வேறு வேலை தேடியிருப்பான்.

திருப்பெரும்புதூரை நம்மில் மூத்தவர்கள் இராமாநுசர் அவதரித்த தலமாக அறிவோம். ஏரிக்கும் நெல்வயலுக்கும் பெயர்பெற்ற வட்டாரமாக அறிவோம். இன்று அங்கே நிலைமை வேறு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2000இல் செயின்ட் கோபேன் கண்ணாடி ஆலை வந்தது; 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் கார் ஆலையும், 2012இல் டைம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. சுங்குவார்சத்திரம், மாம்பாக்கம், வல்லம் வடகால் என்று சிப்காட் வளர்ந்துகொண்டே போகிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அந்த எண்ணைச் சற்று நின்று பாருங்கள். ஒரு சிற்றூர் முழுவதும் கன்னிப்பெண்களாகக் குடியேறியதற்கு ஒப்பானது அது. தென்மாவட்டங்களிலிருந்தும், ஆற்காடு, வாணியம்பாடிப் பக்கத்திலிருந்தும் நம் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே பிழைப்புக்குச் செல்கிறார்கள். அவர்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் ஆங்கிலம் எந்த ஆங்கிலம்? இதைக் கேட்க நமக்குத் தோன்றவில்லையே!

ஆங்கிலம் என்பது ஒரே துணியால் நெய்த ஆடை அன்று. அதில் இரண்டு அடுக்குகள் உண்டு. வீடு, கை, தண்ணீர், ரொட்டி, வா, போ முதலிய வீட்டுச் சொற்கள் பழைய ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தவை, சிறியவை, எளியவை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், ஆள்வோர் பேசிய ஃபிரெஞ்சு வழியாக இலத்தீன் சொற்கள் வெள்ளமெனப் புகுந்தன. பின்னர் அறிஞர்கள் நூல்களிலிருந்து நேராகவே அள்ளிக்கொண்டார்கள். ஆங்கிலேயராகிய நியூட்டன்கூடத் தம் பெருநூலை 1687இல் இலத்தீனில்தானே வெளியிட்டார்! ஆகவே சட்டம், நீதிமன்றம், மருத்துவம், கணக்கு, பொறியியல், ஆலை நிர்வாகம் ஆகியவற்றில் வழங்கும் ஆங்கிலம் பெரும்பாலும் இலத்தீனே. நியூஸிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் என்னும் ஆய்வாளர், கல்வி நூல்களில் மிகுதியாக வழங்கும் 570 சொற்குடும்பங்களை 2000ஆம் ஆண்டில் பட்டியலிட்டார். அவற்றுள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவை இலத்தீனிலோ கிரேக்கத்திலோ வேர்கொண்டவை.

நம் பேச்சு ஆங்கில வகுப்புகளோ முதல் அடுக்கைக் கற்பித்துவிட்டுக் கடையைக் கட்டிவிடுகின்றன. 'ஹவ் ஆர் யூ?', 'ஐ ஆம் ஃபைன்', 'வாட் இஸ் யுவர் குட் நேம்?' என்பவை அவர்களின் பாடங்கள். ஆலையில் எந்த மேலாளரும் பயிற்சியாளனைக் கூப்பிட்டு நலம் விசாரிப்பதில்லை. அவர் நீட்டுவது ஒரு தாள். தாளில் இருப்பதோ இரண்டாம் அடுக்கு.

ஒரு தொழிலாளியின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் அவனுக்கு 'இன்டக்‌ஷன்'. மறுநாள் முதல் 'புரொடக்‌ஷன்'. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் 'டிடக்‌ஷன்'. ஒழுங்கு தவறினால் 'மிஸ்கான்டக்ட்' என்று விளக்கம் கேட்டுக் கடிதம். ஆலைக்கு ஆர்டர் குறைந்தால் ஆட்குறைப்பு. அதற்குப் பெயர் 'ரிடக்‌ஷன்'. இந்த ஐந்தும் ஒரே இலத்தீன் வினையடியில் பிறந்தவை. 'டூகெரே' என்றால் இட்டுச் செல்லுதல், இழுத்துச் செல்லுதல். உள்ளே இட்டுச் செல்வது இன்டக்‌ஷன். முன்னே கொண்டுவந்து தருவது புரொடக்‌ஷன். இருந்ததிலிருந்து கீழே எடுத்துச் செல்வது டிடக்‌ஷன். பின்னுக்கு இழுப்பது ரிடக்‌ஷன். பேருந்தில் நம்மையெல்லாம் இட்டுச் செல்லும் கண்டக்டரும் இந்தக் குடும்பத்தார்தாம். வாயிலுக்குள் நுழைந்த நாள் முதல் வெளியேற்றப்படும் நாள் வரை ஒரே வேர் ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்துச் செல்கிறது. அவனுக்கோ அது ஐந்து வெவ்வேறு சொற்கள். ஐந்து தனித்தனி மனப்பாடங்கள்.

இன்னொன்று சொல்வேன், இது சற்றுக் கொடியது. 'காஷுவல் லேபர்' என்று ஒரு வகைத் தொழிலாளர் உண்டு. மருத்துவமனையில் 'காஷுவல்ட்டி' என்று ஒரு பிரிவு உண்டு. 'ஆக்ஸிடென்ட்' என்ற சொல்லை அறியாத தமிழர் இல்லை. மூன்றுக்கும் வேர் ஒன்றே. 'காதெரே' என்றால் விழுதல். தற்செயலாகக் கையில் வந்து விழும் வேலையைச் செய்பவர் காஷுவல். விழுந்து அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் காஷுவல்ட்டி. எதிர்பாராது வந்து விழும் துன்பம் ஆக்ஸிடென்ட். இதற்கு எதிரே 'பெர்மனென்ட்' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். 'மானேரே' என்றால் தங்கியிருத்தல். 'பெர்' என்ற முன்னொட்டு 'முடிவு வரை' என்னும் பொருளைச் சேர்க்கிறது. இறுதிவரை தங்கியிருப்பவர் பெர்மனென்ட். வந்து விழுந்து எழுந்து போகிறவர் காஷுவல். ஒரே வரிசையில், ஒரே கன்வேயருக்கு முன்னால், தோளோடு தோள் நின்று ஒரே திருகாணியை முடுக்கும் இருவருக்கு நடுவே கிடக்கும் பள்ளத்தை அந்த இரண்டு வேர்கள் எவ்வளவு துலக்கமாகக் காட்டுகின்றன! அகராதியில் 'தற்காலிக', 'நிரந்தர' என்று பொருள் பார்த்து மனப்பாடம் செய்தவனுக்கு இது விளங்குமா?

'சஸ்பென்ஷன்' என்ற சொல்லையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. கார் ஆலையில் வேலை செய்யும் பையனுக்கு அது சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே வில்லும் அதிர்வுதாங்கியுமாக அமைந்த பகுதி. அலுவலகத்துக் கடிதத்திலோ அது தற்காலிக வேலைநீக்கம். 2014 நவம்பர் 1 முதல் திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி 'சஸ்பெண்ட்' செய்யப்படும் என்று நிறுவனம் அறிவித்ததே, அங்கேயும் அதே சொல். 'பென்டெரே' என்றால் தொங்கவிடுதல். வண்டியின் உடல் தொங்குகிறது, வேலை தொங்குகிறது, ஆலையே தொங்குகிறது. தொங்குவது மீண்டும் நிலைக்கு வரவும் கூடும், அறுந்து விழவும் கூடும். அந்த ஆலை நோக்கியா ஆலையாக மீண்டும் இயங்கவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து வேறொரு நிறுவனம் அந்த இடத்தை வாங்கியது. வேடிக்கை என்னவென்றால், முதியோர் வாங்கும் 'பென்ஷன்' என்ற சொல்லும் இந்த வேரிலிருந்தே வந்தது. தராசுத் தட்டைத் தொங்கவிட்டு உலோகத்தை நிறுத்துக் கொடுத்த காலத்தில், தொங்கவிடுதல் என்பதே எடைபோடுதல் என்றும், பணம் கொடுத்தல் என்றும் பொருள் விரிந்தது. சஸ்பென்ஷனுக்கும் பென்ஷனுக்கும் இடையிலே எத்தனை குடும்பங்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். அங்கே முன்னொட்டு, பின்னொட்டு என்று ஏதோ கற்பிக்கவே செய்கிறார்கள். எதற்காக? ஒரு மதிப்பெண்ணுக்காக! 'இவ்வொட்டைச் சேர்த்து எழுதுக' என்று ஒரு வினா. 'அன்' என்றோ 'டிஸ்' என்றோ சேர்த்து எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஒட்டைக் கற்பித்தவர்கள் அது ஒட்டிக்கொண்டிருக்கும் அடியைக் கற்பிப்பதில்லை. வாலைக் காட்டி ஆட்டை விற்பது போன்றது இது. மற்றப்படி, பாடத்தின் ஓரத்தில் சொல்லும் பொருளுமாக ஒரு பட்டியல். அதை எழுதி எழுதி மனப்பாடம் செய்தல். பள்ளி நூல்களில் வழங்கும் ஆங்கிலச் சொற்களை 1984இல் கணக்கிட்ட நாகி, ஆண்டர்சன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஏறத்தாழ 88,500 சொற்குடும்பங்கள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். நாளைக்குப் பத்து வீதம் ஒரு நாளும் தவறாமல் மனப்பாடம் செய்தாலும் இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். ஐ.டி.ஐ. படிப்போ இரண்டே ஆண்டு. மனப்பாடத்தால் கரையேறலாம் என்போர் இந்தக் கணக்குக்கு விடை சொல்லட்டும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். இந்த வேர்வழிக் கல்வியை அறியாத சமுதாயமா நாம்? தமிழகத்தில் வேறெவரையும் விட நமக்கு அது இருமடங்கு தெரியும். மக்தபில் அமர்ந்து ஓதிய எந்தப் பிள்ளைக்கும் காஃப், தா, பா என்னும் மூன்றெழுத்து தெரியும். எழுதுவது அதன் கருத்து. எழுதப்பட்ட நூல் கிதாப், எழுதுபவர் காதிப், எழுதும் இடம் மக்தப், நூல்கள் இருக்கும் இடம் மக்தபா, எழுதப்பட்டது மக்தூப். இல்ம், ஆலிம், உலமா, முஅல்லிம், தஃலீம் என்பவற்றை நாம் ஐந்து தனிச் சொற்களாகவா மனப்பாடம் செய்தோம்? ஜும்ஆ, ஜமாஅத், ஜாமிஆ, இஜ்மா என்பவை அனைத்திலும் 'ஒன்றுசேர்தல்' ஒளிந்திருப்பதைச் சொல்லாமலே உணர்கிறோமே! அரபுக் கல்லூரியில் முதல் ஆண்டுப் பாடமே ஸர்ஃபு. சொல்லை அடிவரை பிரித்து, எந்த அச்சில் வார்க்கப்பட்டது என்று காண்பதே அக்கலை. அந்த அச்சுக்கு 'வஸ்ன்', அதாவது எடை, என்றே பெயர் வைத்தார்கள் நம் முன்னோர்.

மறுபுறம் தமிழ் இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் பகுபத உறுப்பு ஆறு என்று வகுத்து, பகுதி முதல் விகாரம் வரை பிரித்துக் காட்டினார். எட்டாம் வகுப்புப் பிள்ளை கரும்பலகையில் 'வந்தனன்' என்பதை உறுப்பு உறுப்பாக அறுத்துப் போடுகிறான். காலையில் அரபுச் சொல்லை அறுத்தவன், முற்பகலில் தமிழ்ச் சொல்லை அறுத்தவன், பிற்பகலில் ஆங்கில வகுப்புக்கு வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சொல்லை முழுதாக விழுங்கு என்று பணிக்கப்படுகிறான். விழுங்கியது செரிக்குமா? இதைவிட அறிவற்ற ஏற்பாடு வேறு உண்டா? ஆங்கில ஆசிரியருக்கு அரபு தெரியாது; ஹஜ்ரத்துக்கு ஆங்கிலத்தில் நாட்டமில்லை; தமிழாசிரியர் இருவருடனும் பேசுவதில்லை. மூவரும் ஒரே கட்டடத்தில் பாடம் நடத்திய பள்ளிகளை நான் அறிவேன். ஒருவர் பையில் இருந்த சாவி மற்றவர் பூட்டுக்குரியது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் பணி ஓய்வு பெறும் வரை தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இலத்தீன் செத்த மொழியாயிற்றே. அதை ஏன் பிள்ளைகள் தலையில் நான்காவது சுமையாக ஏற்ற வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். இலத்தீன் இலக்கணம் கற்பிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேற்றுமை உருபும் வினைவிகற்பமும் எவருக்கு வேண்டும்? முப்பது நாற்பது வேர்கள், பதினைந்து முன்னொட்டுகள், இவ்வளவே. செத்த மொழி என்பதும் பாதி உண்மைதான். தீனார் என்று வளைகுடாவில் நாம் எண்ணி வாங்கும் நாணயத்தின் பெயர் உரோமானியரின் 'டெனாரியுஸ்' அன்றோ? 'ஸிராத்' என்னும் சொல் ரூமிகளின் மொழியில் வழியைக் குறிப்பது என்று முன்னோர் சிலர் கூறியதை இமாம் ஸுயூத்தி தம் 'இத்கான்' நூலில் எடுத்தெழுதியிருக்கிறார். சொற்கள் பயணம் செய்வதை இழிவாகக் கருதாத பேரறிஞர் அவர். எதிர்த்திசையிலும் பயணம் நடந்திருக்கிறது. ஆலையில் கணினி வழி இயங்கும் கடைசல் எந்திரத்தில் வெட்டுளிகளை அடுக்கி வைக்கும் பகுதிக்கு 'டூல் மகஸீன்' என்று பெயர். அது 'மகாஸின்' என்ற அரபுச் சொல். பண்டகசாலைகள் என்பது பொருள். தாங்கள் கையில் பிடித்திருக்கும் இந்த மாத இதழையும் ஆங்கிலத்தில் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

இன்னொரு மறுப்பு உண்டு. அதை நான் மதிக்கிறேன். வேர் ஏமாற்றும் என்பது அது. மெய்தான். 'மானுஃபாக்சர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'மானுஸ்' கை, 'ஃபாகெரே' செய்தல், கையால் செய்வது என்று பொருள். இன்றோ மனிதக் கை படாமல் செய்வதற்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது! 'ஹைட்ராலிக்' என்பதில் இருப்பது தண்ணீரைக் குறிக்கும் கிரேக்க வேர். ஆலையிலுள்ள ஹைட்ராலிக் எந்திரத்தில் ஓடுவதோ எண்ணெய். இவற்றால் உயிருக்குக் கேடில்லை. ஆனால் 'இன்ஃப்ளேமபிள்' என்ற சொல் அப்படியன்று. நெடுஞ்சாலையில் செல்லும் டேங்கர் லாரிகளின் முதுகில் அச்சொல்லை எல்லோரும் பார்த்திருப்போம். 'இன்' என்றால் எதிர்மறை என்று பள்ளியில் ஒரு மதிப்பெண்ணுக்குக் கற்ற பையன், தீப்பற்றாதது என்று அதற்குப் பொருள் கொள்வான். உண்மையில் அது எளிதில் தீப்பற்றுவது. இலத்தீனில் 'இன்' இரண்டு உண்டு: ஒன்று எதிர்மறை, மற்றொன்று 'உள்ளே' என்பது. இங்கே இருப்பது இரண்டாவது. இந்தக் குழப்பத்துக்கு அஞ்சியே, பாதுகாப்புத் துறையினர் அம்முன்னொட்டை நீக்கி 'ஃப்ளேமபிள்' என்று மட்டும் எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். பெயிண்ட் கிடங்கில் நிற்கும் பிள்ளைக்கு இந்த இரண்டு 'இன்'களின் வேறுபாடு உயிர் காக்கும் அறிவு. ஆகவே வேர் ஏமாற்றும் என்பதிலிருந்து வேரே வேண்டாம் என்று முடிவு கட்டுவது தவறு. அரைகுறையாகக் கற்பிக்காதே என்றுதான் முடிவு கட்ட வேண்டும். ஸர்ஃபு மட்டும் ஓதி நஹ்வு ஓதாதவன் கிதாபைத் திறந்தால் திணறத்தானே செய்வான்? வேரைக் கண்டவன் சொல்லை வாக்கியத்திலும் வைத்துப் பார்த்தாக வேண்டும். வேர் சொல்லின் வீட்டு முகவரிதான். உள்ளே இருப்பவர் யார் என்பதைக் கதவைத் தட்டித்தான் அறிய வேண்டும்.

தமிழ்ப்பற்றாளர்கள் கேட்கும் கேள்வி மூன்றாவது. தமிழ்நாட்டு ஆலையில் அறிவிப்பைத் தமிழில் வைக்காமல், தமிழனை ஏன் இலத்தீன் படிக்கச் சொல்கிறாய் என்கிறார்கள். நூற்றுக்கு நூறு உடன்படுகிறேன். சட்டப்படி வைக்க வேண்டிய அறிவிப்புகள், ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்க்கு விளங்கும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வகுத்திருந்தது. அந்த உரிமையைப் போராடியேனும் காக்க வேண்டும். ஆனால் சுவரில் ஒட்டும் அறிவிப்பு வேறு. கையில் கொடுத்து ஒப்பம் வாங்கும் தாள் வேறு. சுவர் தமிழ் பேசினாலும் தாள் ஆங்கிலம்தான் பேசுகிறது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்த வழக்கு நெடுகிலும் அடிபட்ட இரண்டு சொற்கள் 'ரெஜிஸ்ட்ரேஷன்', 'ரெகக்னிஷன்'. சங்கத்தை அரசு ஏட்டில் பதிவது முன்னது. நிர்வாகம் அதை ஏற்றுப் பேச்சுக்கு அழைப்பது பின்னது. பதிவு 2025 ஜனவரியில் கிடைத்தது. 'கோக்னோஸ்கெரே' என்றால் அறிதல். ரெகக்னிஷன் என்பது 'மீண்டும் அறிதல்', கண்டவுடன் இன்னாரென்று அடையாளம் கொள்ளுதல். ஏட்டில் பெயர் இருப்பவரையெல்லாம் வீதியில் கண்டால் அடையாளம் கொண்டு ஸலாம் சொல்கிறோமா என்ன? இவ்விரண்டு சொல்லும் ஒன்றே என்று மயங்கும் தொழிலாளிக்கு யாருடைய போராட்டமும் விளங்காது. தன் போராட்டம் உட்பட.

இன்னுமொரு சாராரைப் பற்றி எச்சரிக்க வேண்டும். நார்மன் லூயிஸ் என்பார் 1949இல் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' என்னும் நூல் நம் நாட்டில் வீட்டுக்கு வீடு புகுந்திருக்கிறது. நல்ல நூல், வேர்களை விளக்குகிற நூல். ஆனால் அதைப் பிரித்து நூறு வேர்களை நகலெடுத்து, 'திங்கட்கிழமைக்குள் ஒப்பிக்க வேண்டும்' என்று பிள்ளைகள் கையில் திணிக்கும் ஆசிரியர்கள் புறப்பட்டிருக்கிறார்கள். இலையை மனப்பாடம் செய்யாதே என்றால், வேரை மனப்பாடம் செய் என்கிறார்கள்! நோய் மாறவில்லை, மருந்துச் சீட்டுதான் மாறியிருக்கிறது. மண்ணில்லாமல் வேரை மட்டும் பிடுங்கிக் கையில் கொடுத்தால் அது வாடாமல் என்ன செய்யும்? தொழிலாளியின் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லே அந்த மண். 'ரிஜெக்ட் ஆயிருச்சு' என்று ஒரு நாளைக்கு இருபது முறை சொல்கிறவனுக்கு, 'ஜெக்ட்' என்றால் எறிதல் என்று ஒரே ஒரு முறை சொன்னால் போதும். அச்சிலிருந்து வார்த்த பொருளைத் தள்ளி வெளியேற்றும் இஜெக்டர் பின்னையும், பிளாஸ்டிக்கை உள்ளே பீச்சும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கையும், மருத்துவர் போடும் இன்ஜெக்‌ஷனையும் அவனே கோத்துக்கொள்வான். பின்னர் 'அப்ஜெக்‌ஷன்' என்ற சொல் வரும்போது, எதிரே தூக்கி எறிவது என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

சென்ற இரண்டாண்டுகளாக மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில், வாரத்தில் இரண்டு நாட்கள், முக்கால் மணி நேரம் சில பிள்ளைகளுக்கு இவ்வாறு சொல்லிக்கொடுத்து வருகிறேன். பாடநூல் கிடையாது. அவரவர் சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், எந்திரத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைத் தாளைப் பார்த்து எழுதிய எழுத்து, இவைதாம் நூல்கள். ஒரு நாளைக்கு ஒரே வேர். அதற்குமேல் கேட்டாலும் தருவதில்லை. இரவு ஷிப்டுக்காரர்கள் வரமாட்டார்கள். அவர்களுக்காக அடுத்த வாரம் அதையே மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கை மகன்தான் பலகையில் எழுதுகிறான். அவனுக்கு இப்போது வேறோர் இடத்தில் வேலை. அந்த நியமனக் கடிதத்தைக் கையெழுத்திடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்று நாள் வைத்துப் படித்துவிட்டு, இரண்டு வரிகளுக்கு விளக்கம் கேட்டு எழுதிய பின்னரே ஒப்பமிட்டான்.

பெண் பிள்ளைகள்தாம் மீதமிருக்கிறார்கள். விடுதியிலிருந்து அந்நேரத்தில் அவர்களால் வெளியே வர இயலாது. வருவது முறையும் ஆகாது என்று பெற்றோர் எண்ணுவர். ஞாயிறு முற்பகலில், படித்த பெண் ஒருவர் விடுதிக்கே சென்று நடத்தலாம். ஆங்கிலத்தில் பட்டம் பெற்று, திருமணமாகி, வீட்டில் பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சகோதரிகள் நம் ஜமாஅத்துகளில் குறைவா? காஞ்சிபுரம், திருவள்ளூர், இராணிப்பேட்டை மாவட்டங்களின் ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு கரும்பலகையும், மாதம் இருமுறை போக்குவரத்துக்கான செலவும் ஏற்றால் ஷவ்வால் மாதத்திலேயே தொடங்கிவிடலாம். முதல் நாள் வரும்போது ஒவ்வொருவரும் சென்ற மாதச் சம்பளச் சீட்டை மட்டும் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள். 'டிடக்‌ஷன்' என்ற கட்டத்திலிருந்து தொடங்கலாம்.